பூஜ்யம் அல்லாத பூஜ்யம்: சைபைக்கு முதல் திருத்தம் அனுப்புகிறவர்களுக்கு

பைத்தான் மொழியின் அறிவியல் கணக்கீட்டு நூலகமான சைபையை (SciPy) திறந்து, இயல்நிலைப் பரவலின் சிடிஎஃப்(10) மதிப்பை, அதாவது 10 வரையிலான மொத்த நிகழ்தகவை, 1-இலிருந்து கழித்துப் பாருங்கள். 0.0 என்று வரும். அதே பரவலிடம் எஸ்எஃப்(10), அதாவது 10-ஐத் தாண்டிய வால்பகுதியின் நிகழ்தகவு, என்ன என்று கேளுங்கள். 7.62 × 10⁻²⁴ என்று வரும். கணிதப்படி இரண்டும் ஒரே கேள்விதான்: சராசரிக்கு மேலே பத்துத் திட்டவிலக்கம் தாண்டி ஒரு மதிப்பு விழ நிகழ்தகவு எவ்வளவு? இரண்டாவது விடைதான் சரி. முதலாவதில் விடை கழித்தலில் கரைந்துபோனது.

காரணம் எளிது. 64 பிட் மிதவை எண்களில் (கணினி தசம எண்களைச் சேமிக்கும் வழக்கமான வடிவம்) 1-க்குச் சற்றுக் கீழே அடுத்தடுத்த எண்களுக்கு இடையே 1.1 × 10⁻¹⁶ இடைவெளி இருக்கிறது. அதற்குள் விழும் எதையும் கணினியால் 1-இலிருந்து பிரித்துக் காட்ட முடியாது. பத்துக்குப் பதில் எட்டு கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். உண்மை விடை 6.22 × 10⁻¹⁶, கழித்து வருவது 6.66 × 10⁻¹⁶. ஏழு சதவீதம் பிழை. பூஜ்யம் வந்தால் யாருக்காவது சந்தேகம் வரும். 6.66 வந்தால் அப்படியே கட்டுரைக்குள் போய்விடும்.

இது வெறும் ஏட்டுக் கவலை இல்லை. மரபணு ஆய்வில் லட்சக்கணக்கான இடங்களைச் சோதிக்கும்போது, பி-மதிப்புக்கு (தொடர்பே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி அமையும் நிகழ்தகவு) 5 × 10⁻⁸ என்பதுதான் வழக்கமான எல்லை. வலுவான தொடர்பு உள்ள இடங்களில் பி-மதிப்பு 10⁻¹⁰⁰-க்கும் கீழே போகும். அதை மடக்கை எடுத்துப் படம் வரைவார்கள். பூஜ்யத்துக்கு மடக்கை எடுத்தால் முடிவிலி. படத்தில் அந்தப் புள்ளியே இருக்காது. ஆய்வின் மிக முக்கியமான புள்ளி அதுவாகத்தான் இருக்கும்.

சைபை 2001-இல் தொடங்கியது. 1.0 என்ற பதிப்பு எண்ணைத் தொட 2017 வரை ஆனது. 2015 செப்டம்பர் 14-இல் பதிவான ஈர்ப்பலையின் தரவைப் பொதுமக்களே பகுத்துப் பார்க்க ஈர்ப்பலை ஆய்வகமான லைகோவின் குழு வெளியிட்ட செயல்முறைக் குறிப்பில் நம்பையும் (எண் அணிகளைக் கையாளும் பைத்தான் நூலகம்) சைபையும்தான் இருந்தன. இப்படிப்பட்ட ஒரு நூலகத்துக்குப் பங்களிக்க வருகிறவர்கள் பெரும்பாலும் எடுத்த எடுப்பில் ஒரு புதிய செயற்கூறை (ஃபங்ஷன்) சேர்க்கவே நினைக்கிறார்கள். எழுத்துப்பிழை ஒன்றைத் திருத்திவிட்டுப் போகிறவர்களும் உண்டு. இரண்டுக்கும் நடுவில், அறிவியல் தெரிந்தவர்களால் மட்டுமே செய்யக்கூடிய வேலை ஒன்று குவிந்து கிடக்கிறது: ஏற்கெனவே இருக்கிற செயற்கூறு தப்பான எண் தரும் இடத்தைக் கண்டுபிடித்து, சரியான எண் எது என்று நிரூபித்து, திருத்துவது. மாற்றும் வரிகள் இரண்டோ மூன்றோதான் இருக்கும். நிரூபணம்தான் வேலை.

எங்கே தேடுவது

தொடர் பரவல்களில் பெரும்பாலானவை ஒரே கோப்பில் இருக்கின்றன, பத்தாயிரம் வரிக்கு மேல். ஒவ்வொரு பரவலும் ஒரு தாய் வகுப்பிலிருந்து பிறக்கிறது. அந்தத் தாய் வகுப்பில், எஸ்எஃப் தனியாக எழுதப்படாவிட்டால் ‘1 கழித்தல் சிடிஎஃப்’ என்றே கணக்கிடும். ஆகவே தேடல் முறை இதுதான்: ஒரு பரவலின் வகுப்பைத் திறந்து, முன்னால் அடிக்கோடு போட்ட எஸ்எஃப் முறை அதற்குச் சொந்தமாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லை என்றால், வால்பகுதியில் பெரிய மதிப்பு ஒன்றைக் கொடுத்துப் பாருங்கள். எந்தப் பரவலும் 10⁻¹⁶ அளவில் தடுமாறி, அதற்கப்பால் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தால், அங்கே வேலை இருக்கிறது. எஸ்எஃப்பின் தலைகீழான ஐஎஸ்எஃப்பையும் அதே சூட்டில் பார்த்துவிடுங்கள்.

எப்படி எழுதவேண்டும் என்பதற்கு வெய்புல் பரவல் நல்ல முன்மாதிரி. அதன் சிடிஎஃப் என்பது 1 − எக்ஸ்ப்(−எக்ஸ்ᶜ) என்ற வடிவம் கொண்டது. எஸ்எஃப்பை எக்ஸ்ப்(−எக்ஸ்ᶜ) என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள், கழித்தலே கிடையாது. சிடிஎஃப்பையும் அப்படியே விடவில்லை. எக்ஸ்ᶜ மிகச் சிறியதாக, உதாரணமாக 10⁻²⁰ ஆக இருந்தால், எக்ஸ்ப்(−10⁻²⁰) என்பது கணினிக்கு 1 தான். 1-இலிருந்து 1 போனால் பூஜ்யம். அதனால் ‘எக்ஸ்ப் கழித்தல் 1’ என்பதை இலக்கம் இழக்காமல் நேராகக் கணக்கிடும் எக்ஸ்ப்எம்1 என்ற செயற்கூறைப் பயன்படுத்தி, விடை 10⁻²⁰ என்று வரும்படி செய்திருக்கிறார்கள். ஒரு முனையில் எஸ்எஃப், மறுமுனையில் எக்ஸ்ப்எம்1. லாக்1பி, காஸ்எம்1 என்று இதே குடும்பத்தில் இன்னும் சில உண்டு. இவற்றை எங்கே போடவேண்டும் என்று கண் பழகிவிட்டால், மற்றப் பகுதிகளிலும் இதே நோயை அடையாளம் காணலாம்.

வேலையைத் தொடங்குமுன் கிட்ஹப்பின் இஷ்யூ பட்டியலிலும் (பதிவான பிழைகள், கோரிக்கைகள்) திறந்திருக்கும் பிஆர்களிலும் (சேர்த்துக்கொள்ளக் கோரி அனுப்பிய மாற்றங்கள், ‘புல் ரிக்வெஸ்ட்’) அந்தப் பரவலின் பெயரைத் தேடிவிடுங்கள். யாராவது ஏற்கெனவே கை வைத்திருந்தால் அதைப் படித்து, சோதித்து, கண்டதை எழுதுவதும் பங்களிப்புதான். யாரும் தொடாத இஷ்யூ என்றால் ‘எனக்கு ஒதுக்கித் தருவீர்களா’ என்று கேட்டுக் காத்திருக்க வேண்டாம். நேராகச் செய்து அனுப்பலாம். புதிய செயற்கூறு சேர்ப்பதானால் மட்டும், ஒரு வரி எழுதுமுன்னரே பராமரிப்பாளர்களிடம் கேட்டுவிட வேண்டும். மூன்று வாரம் உழைத்த பிறகு ‘இது சைபையின் எல்லைக்குள் வராது’ என்று கேட்பது யாருக்கும் நல்லதல்ல.

கணினியைத் தயார் செய்வது

முதல் நாள் முழுக்க இதற்கே போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைபையில் பைத்தான் மட்டும் இல்லை. சி, சி++, சைத்தான், ஃபோர்ட்ரான் எல்லாம் கலந்து வளர்ந்தது. பழைய ஃபோர்ட்ரான் 77 பகுதிகளை அண்மை ஆண்டுகளில் ஒவ்வொன்றாக மாற்றி எழுதி வந்திருக்கிறார்கள். லினக்ஸ் அல்லது மேக் இருந்தால் காண்டா-ஃபோர்ஜ் (தேவையான தொகுப்புகளை நிறுவித் தரும் களம்) சூழலே நல்ல வழி. களஞ்சியத்தோடு வரும் சூழல் கோப்பைக் கொடுத்தால் கம்பைலரிலிருந்து அணிக் கணக்குக்கான ஓபன்பிளாஸ் நூலகம் வரை இறங்கிவிடும். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல்லுக்குள் செய்தால் பாதித் தலைவலி குறையும்.

வரிசை இது. கிட்ஹப்பில் ஃபோர்க் செய்து (உங்கள் கணக்கில் ஒரு நகல் எடுத்து), உங்கள் ஃபோர்க்கை குளோன் செய்யுங்கள் (கணினிக்கு இறக்குங்கள்). மூலக் களஞ்சியத்தை ‘அப்ஸ்ட்ரீம்’ என்ற பெயரில் இணையுங்கள். பிறகு கிட் சப்மாட்யூல் அப்டேட் கட்டளையை ‘இனிட்’ தெரிவோடு ஓட்டுங்கள். இந்தப் படியை விட்டவர்களுக்கு பில்ட் பாதியில் ‘கோப்பு இல்லை’ என்று நிற்கும். பூஸ்ட் போன்ற வெளி நூலகங்கள் சப்மாட்யூல்களாகத்தான் வருகின்றன. அதன்பின் சைபையைக் கட்டும் ‘ஸ்பின் பில்ட்’ கட்டளை.

இங்கே அடிக்கடி நடப்பது: 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினியில் பில்ட் பாதியில் ‘கில்டு’ என்ற ஒரே சொல்லோடு செத்துப்போகும். நிரலில் பிழை ஒன்றும் இல்லை. எட்டு கோர் இருப்பதால் எட்டு கம்பைலர் ஒரே நேரத்தில் ஓடும். சி++ டெம்ப்ளேட் கோப்புகள் ஒவ்வொன்றும் நினைவகத்தை விழுங்கும். கடைசியில் இயங்குதளம் ஒன்றைக் கொன்றுவிடும். இணையாக ஓடும் வேலைகளை இரண்டாகக் குறைத்து மறுபடி ஓட்டுங்கள். விட்ட இடத்திலிருந்து தொடரும்.

பில்ட் முடிந்ததும் எதையும் தொடுமுன் ஒன்றை உறுதிசெய்யுங்கள்: நீங்கள் சோதிப்பது நீங்கள் கட்டிய சைபையைத்தானா? ஸ்பின் வழியாகப் பைத்தானைத் திறந்து, சைபை எந்த அடைவிலிருந்து ஏறியது என்று அச்சிட்டுப் பாருங்கள். ‘சைட்-பேக்கேஜஸ்’ அடைவில் பிப் முன்பு நிறுவிவைத்த பழைய பதிப்பு ஏறியிருந்தால், நீங்கள் எவ்வளவு திருத்தினாலும் விடை மாறாது. ‘மாற்றினேன், ஒன்றும் ஆகவில்லை’ என்று குழம்பி நிற்பவர்களில் பலருக்கு இதுதான் காரணம். கடைசியாக, புள்ளியியல் பகுதியின் சோதனைகளை மட்டும் ஒருமுறை ஓட்டி, எல்லாம் தேறுகிறதா என்று பாருங்கள். முழுத் தொகுப்பையும் ஓட்ட வேண்டியதில்லை.

சரியான எண்ணை நிரூபிப்பது

வேண்டிய அளவு இலக்கத் துல்லியத்தில் கணக்கிடும் எம்பிமேத் நூலகத்தில் துல்லியத்தை 50 தசம இலக்கத்துக்கு வைத்து, அதே சூத்திரத்தைக் கணக்கிடுங்கள். இங்கே 1 − சிடிஎஃப் என்றே எழுதலாம், இலக்கங்கள் போதுமான அளவு இருந்தால். 10⁻²⁴ அளவு விடைக்கு 50 இலக்கம் போதும். 10⁻³⁰⁰ வேண்டுமானால் 50 போதாது, 350-ஆவது வைக்க வேண்டும். இல்லையென்றால் எம்பிமேத்தும் பூஜ்யம்தான் தரும். துல்லியத்தை இரட்டிப்பாக்கிப் பார்த்து, முதல் இருபது இலக்கம் மாறாமல் இருந்தால் நம்பலாம்.

இன்னொரு நுணுக்கம். எம்பிமேத்தில் 0.1-ஐ மேற்கோள் குறிக்குள் சரமாகக் கொடுப்பதும் வெறும் எண்ணாகக் கொடுப்பதும் ஒன்றல்ல. சரமாகக் கொடுத்தால் துல்லியமான பத்தில் ஒன்று. எண்ணாகக் கொடுத்தால், கணினி 0.1 என்று வைத்திருக்கும் அந்த இரும எண். பாடப்புத்தகத்தில் சரமாகக் கொடு என்றுதான் சொல்லித் தருவார்கள். ஆனால் சோதனைக்கான ஒப்பீட்டு மதிப்பில் எண்ணாகக் கொடுப்பதே சரி, ஏனென்றால் சைபையின் செயற்கூறுக்குள் போவதும் அந்த இரும எண்தான். உள்ளீடு சற்று அசைந்தால் விடை அதிகம் அசையும் இடங்களில் இந்த வித்தியாசம் கடைசி இரண்டு மூன்று இலக்கத்தில் தெரியும். தெரியாதவர்கள் தங்கள் நிரலைக் குறை சொல்லிக்கொண்டு நாள்கணக்கில் தேடுவார்கள்.

இனி சோதனையை எழுதுவது. பலர் கோட்டைவிடுவது இங்கேதான்.

நம்பையின் ‘ஆல்கிளோஸ்’ செயற்கூறிடம் 0.0-வும் 7.62 × 10⁻²⁴-உம் சமமா என்று கேளுங்கள். ‘ஆம்’ என்கும். அதற்கு இயல்பாகவே 10⁻⁸ அளவு தனிப்பிழைச் சலுகை (இரு எண்களின் வித்தியாசம் இவ்வளவு வரை இருக்கலாம் என்பது) உண்டு. அந்தச் சலுகைக்குள் இரண்டும் ஒன்றுதான். பழைய சோதனைகளில் காணும் ‘அஸர்ட் ஆல்மோஸ்ட் ஈக்குவல்’ ஏழு தசம இடம் மட்டும் பார்க்கும். அதுவும் ‘ஆம்’ என்கும். அதாவது பிழையுள்ள நிரலும் தேறும், திருத்திய நிரலும் தேறும். பிழை பல ஆண்டு ஒளிந்திருந்தது இப்படிப்பட்ட சோதனைக்குப் பின்னால்தான். பயன்படுத்த வேண்டியது நம்பையின் சோதனைப் பகுதியில் உள்ள ‘அஸர்ட் ஆல்கிளோஸ்’. பெயர் ஒத்திருந்தாலும் இதில் தனிப்பிழைச் சலுகை பூஜ்யம், சார்புப்பிழைச் சலுகை (எண்ணின் அளவோடு ஒப்பிட்ட பிழைக்கு) 10⁻⁷. அந்த 10⁻⁷-ஐயும் அப்படியே விடாமல் நீங்களே ஒரு எண் எழுதுங்கள்.

என்ன எண்? 10⁻¹⁶ என்று ஆசைப்படாதீர்கள். வெய்புல்லின் எஸ்எஃப்பில் எக்ஸ்ᶜ கணக்கிட்டு 500-க்கு அருகில் வருகிறது, அதன் எக்ஸ்ப்(−எக்ஸ்ᶜ) வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். எக்ஸ்ப்பின் சார்புப்பிழை என்பது அதன் உள்ளீட்டின் தனிப்பிழைக்குச் சமம். 500-க்கு அருகில் மிதவை எண்களின் இடைவெளி 5.7 × 10⁻¹⁴. உள்ளீட்டை வட்டமாக்கியதிலேயே 3 × 10⁻¹⁴ வரை பிழை நுழைந்துவிடும். இந்த வழியில் எழுதினால் அங்கே 10⁻¹⁵ உறுதியாகக் கிடைக்காது. உங்கள் கணினியில் அதிர்ஷ்டவசமாகக் கிடைத்தாலும், வேறு செயலியில் கிடைக்காது. இப்படிக் கணக்குப் போட்டு 10⁻¹³ என்று வைத்தால் அதற்குக் காரணம் சொல்ல முடியும். தேறும் வரை சலுகையைத் தளர்த்திக்கொண்டே போய் 10⁻⁶-இல் நிறுத்தினால், ரிவியூ செய்பவர் ‘ஏன் 10⁻⁶?’ என்று கட்டாயம் கேட்பார்.

ஒப்பீட்டு எண்கள் எப்படி வந்தன என்பதை, எம்பிமேத் வரிகளோடு, சோதனைக்கு மேலே குறிப்பாக எழுதிவையுங்கள். பத்து ஆண்டு கழித்து வருகிறவருக்கு அந்த எண் எங்கிருந்து வந்தது என்று தெரிய வேண்டும். எழுதியதும், திருத்தம் இல்லாத மெயின் பிராஞ்சில் (முதன்மைக் கிளை) அந்தச் சோதனையை ஓட்டுங்கள். அது விழவேண்டும். விழாவிட்டால் நீங்கள் சோதித்தது வேறு எதையோ.

திருத்தத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை, இரண்டு எச்சரிக்கைகள் போதும். அடிக்கோடு போட்ட எஸ்எஃப்புக்குள் ‘நான்’ (NaN, எண் அல்லாததைக் குறிக்கும் மதிப்பு) என்பதையோ பரவலின் எல்லைக்கு வெளியே உள்ள மதிப்பையோ சரிபார்க்க வேண்டாம். பொது எஸ்எஃப் அதையெல்லாம் வடிகட்டி, இடப்பெயர்ச்சியையும் அளவீட்டையும் நீக்கிவிட்டுத்தான் உங்கள் முறையை அழைக்கும். இரண்டாவது, நம்பையின் ‘வேர்’ செயற்கூறு இரண்டு கிளைகளையும் முழுக்கக் கணக்கிட்டுவிட்டே ஒன்றைத் தேர்ந்தெடுக்கும். தேர்வாகாத கிளையில் வழிதல் எச்சரிக்கை எழுந்தாலும் சோதனை விழுந்துவிடும், ஏனென்றால் சைபையின் சோதனைத் தொகுப்பில் எச்சரிக்கைகள் பிழைகளாகவே கருதப்படுகின்றன.

எதைப் பார்த்து எழுதக்கூடாது

சைபையின் உரிமம் மூன்று கூறு பிஎஸ்டி. ஆர் மொழியின் நிரலோ ஜிபிஎல் உரிமத்தில் வருவது. ஆர் மூலநிரலைத் திறந்துவைத்துப் பைத்தானில் பெயர்த்து எழுதினால், அது ஜிபிஎல் நிரலின் வழிப்படைப்பு. சைபை அதை ஏற்க முடியாது. ‘நியூமெரிக்கல் ரெசிப்பீஸ்’ புத்தகத்தின் நிரலும் அதன் உரிம நிபந்தனையால் ஆகாது. ஆனால் ஆரை ஓட்டி அது தரும் எண்ணை ஒப்பீட்டு மதிப்பாகப் பயன்படுத்துவதில் ஒரு தடையும் இல்லை. சைபை சோதனைகளில் அப்படிப் பல இருக்கின்றன. மூல ஆய்வுக் கட்டுரையைப் படித்துச் சூத்திரத்திலிருந்து எழுதுங்கள், அந்தக் கட்டுரையை ஆவணத்தில் குறிப்பிடுங்கள். ஏஐ கருவியின் உதவி பெற்றிருந்தால் பிஆரில் அதற்கென்று உள்ள இடத்தில் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். அது தந்த வரி எங்கிருந்து வந்தது என்று உங்களுக்கே தெரியாதபோது, உரிமச் சிக்கல் உங்கள் தலையில்தான் விழும்.

ஆவணம் எழுதும்போது ஒன்று. சூத்திரம் உள்ள ஆவணச் சரத்துக்கு முன்னால் ‘ஆர்’ எழுத்தைப் போட்டு அதைக் கச்சாச் சரமாக்க வேண்டும். இல்லையென்றால் பின்சாய்கோட்டோடு எழுதிய பீட்டாவின் முதலெழுத்து பேக்ஸ்பேஸ் குறியாக மாறி, மிச்சம் ‘ஈட்டா’ என்று நிற்கும். தீட்டாவின் முதலெழுத்து டேப் ஆகும். பிழைச்செய்தி எதுவும் வராது, பக்கத்தில் வேறு குறி நிற்கும்.

அனுப்பிய பிறகு

மெயினில் நேராகக் கமிட் செய்யாமல் தனி பிராஞ்ச் எடுங்கள். கமிட் செய்தியின் முதல் வரி 72 எழுத்துக்குள், வகை சொல்லும் சுருக்கக் குறியோடு தொடங்கவேண்டும்: பிழைதிருத்தத்துக்கு ‘பக்’, மேம்பாட்டுக்கு ‘இஎன்எச்’, ஆவணத்துக்கு ‘டாக்’, சோதனைக்கு ‘டிஎஸ்டி’. ‘கிட் ஆட்’ கட்டளைக்குப் பின் புள்ளி வைத்து எல்லாவற்றையும் சேர்க்கும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். மெயினின் புதிய நிலைக்கு மேல் உங்கள் கமிட்டுகளை அடுக்கிய (ரீபேஸ்) பிறகு சப்மாட்யூல்களைப் புதுப்பிக்க மறந்தால், அவை பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருக்கும். புள்ளி வைத்துச் சேர்த்தால் அந்தப் பழைய சுட்டிகளும் உங்கள் கமிட்டுக்குள் போய்விடும். நீங்கள் தொட்டது புள்ளியியல் கோப்பு, பிஆரிலோ பூஸ்ட் நூலகத்தைப் பின்னுக்கு இழுத்ததாகத் தெரியும். கோப்புகளைப் பெயர் சொல்லிச் சேருங்கள், அனுப்புமுன் முழு டிஃப்பையும் (மாறிய வரிகளின் பட்டியல்) ஒருமுறை கண்ணால் படியுங்கள். எடிட்டர் தானாக வடிவமைத்த நூறு வரி உள்ளே இருந்தாலும் அப்போது தெரிந்துவிடும்.

முதல் தடவை பங்களிப்பவரின் சிஐ சோதனைகள் (பிஆருக்குத் தானாக ஓடுபவை) பராமரிப்பாளர் ஒருவர் அனுமதித்த பிறகே ஓடும். அதனால் அனுப்பிய உடனே எல்லாம் அசையாமல் நின்றால் பதற வேண்டாம். ஓடியபின் லினக்ஸில் தேறி மற்றதில் விழுவது சாதாரணம். ‘லாங் டபுள்’ என்பது இன்டெல் வகை லினக்ஸில் 80 பிட், விண்டோஸிலும் ஆப்பிள் சிலிக்கானிலும் 64 பிட்தான். 32 பிட் கணினியில் இயல்பு முழு எண்ணும் 32 பிட், பெரிய தொடர்பெருக்கல்கள் சத்தமில்லாமல் வழிந்துவிடும். ஐகன் திசையன்களின் குறி பிளாஸ் நூலகத்துக்கு நூலகம் மாறும். திசையனை நேராக ஒப்பிடாமல், அணியோடு பெருக்கினால் ஐகன் மதிப்பு மடங்கு வருகிறதா என்று சோதித்தால் எங்கும் நிற்கும். உங்கள் மாற்றத்துக்குத் தொடர்பே இல்லாத சோதனை விழுந்திருந்தால், மெயினிலும் அது விழுகிறதா என்று பார்த்துவிட்டு அதை ஒரு வரியில் எழுதுங்கள். பராமரிப்பாளருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி.

ரிவியூ செய்பவர்களில் பெரும்பாலோர் வேலை முடிந்த மாலையில் தங்கள் சொந்த நேரத்தைக் கொடுப்பவர்கள். இரண்டு வாரம் சத்தமே இல்லையென்றால் பணிவாக ஒருமுறை நினைவூட்டலாம். மூடிவிட்டுப் புதிய பிஆர் திறந்தால் அதுவரை நடந்த பேச்சு சிதறிப்போகும், அதைச் செய்ய வேண்டாம். ஐந்து பரவல்களின் திருத்தத்தை ஒரே பிஆரில் அடைத்தால் ஐந்தும் காத்துக் கிடக்கும். ஒன்றை அனுப்பி, அதில் கிடைக்கும் கருத்துகளைக் கற்றுக்கொண்டு அடுத்ததை அனுப்புங்கள். இரண்டாவது பாதி நேரத்தில் முடியும். ரிவியூவில் ‘இந்த இடத்தில் எக்ஸ் சிறியதானால் என்ன ஆகும்?’ என்று கேட்டால், அதற்கு விடை ஒரு வாக்கியமாக இல்லாமல் ஒரு எண்ணாக இருக்கட்டும். முன்னால் இவ்வளவு, பின்னால் இவ்வளவு, எம்பிமேத்தில் இவ்வளவு. மூன்று நெடுவரிசை உள்ள சின்ன அட்டவணை, நீளமான விளக்கத்தைவிட வேகமாக ஒப்புதல் வாங்கித் தரும்.

பழைய நடத்தையை நம்பி யாராவது நிரல் எழுதியிருக்கலாம் என்பதையும் எண்ணிப் பாருங்கள். தப்பான எண்ணைச் சரியாக்குவது பிழைதிருத்தம், உடனே போகலாம். ஆனால் ஒரு அளவுருவின் பெயரையோ திரும்பி வரும் வடிவத்தையோ மாற்றுவது வேறு விஷயம். குறைந்தது இரண்டு வெளியீடுகளுக்கு எச்சரிக்கை காட்டியபின்தான் மாற்ற முடியும். ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு என்ற வேகத்தில் அது ஒரு வருடம். திருத்தத்தோடு திருத்தமாக ‘அழகுக்காக’ இப்படி ஒன்றைச் செருகினால், மூன்று வரியில் முடிய வேண்டிய பிஆர் மாதக்கணக்கில் நிற்கும்.

மெர்ஜ் ஆனதும் அறிவிப்புகளை அணைத்துவிடாதீர்கள். சைபையின் வளர்ச்சிப் பதிப்பை நைட்லி வீல் (நேராக நிறுவத்தக்க) கோப்புகளாக வெளியிடுகிறார்கள். சைபையைச் சார்ந்த மற்ற நூலகங்கள் தங்கள் சோதனைகளை அவற்றோடு ஓட்டிப் பார்க்கும். உங்கள் திருத்தம் எங்கோ ஒரு சோதனையைச் சாய்த்திருந்தால் ஓரிரு வாரத்துக்குள் தகவல் வரும். அது பெரும்பாலும், தப்பான பழைய எண்ணைச் சரி என்று எழுதிவைத்த சோதனையாக இருக்கும். எம்பிமேத் வரிகள் உங்கள் சோதனைக்கு மேலேயே இருப்பதால், அவற்றை எடுத்துக்காட்டினால் போதும்.